நாமே வளர்த்த இரைச்சல்

காது இரைகிறது என்று சொன்னால் செஞ்சிப் பக்கத்து அனந்தபுரத்தில் மருந்து சொல்லாத வீடு இருக்காது. நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விடச் சொல்வார் ஒருவர். வெங்காயச் சாறு என்பார் அடுத்தவர். பிள்ளை பெற்ற வீட்டில் தாய்ப்பால் வாங்கி விடச் சொல்வார் ஒரு பாட்டி. கோழி இறகால் இதமாகக் குடைந்தால் சரியாகிவிடும் என்பவரும் உண்டு. எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இத்தனை பேரில் ஒருவர்கூட, "எத்தினி வருஷமாப்பா நீ அந்த மிஷின்ல நிக்கிற?" என்று கேட்பதில்லை. "திருவிழாவுல பாக்ஸ் பக்கத்துலயா நின்ன?" என்றும் கேட்பதில்லை.

கேட்டால் பதில் நம் பக்கம் திரும்பும். மைக்செட்டுக்கு வசூல் கொடுத்தவர்கள் நாம். ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பேசாமல் வந்தவர்கள் நாம். சாவு ஊர்வலத்தில் நாட்டு வெடி போட்டவர்களும், போட்டபோது ஒதுங்கி நின்றவர்களும் நாம்தான். தடுத்திருக்கக்கூடிய ஒன்றைத் தடுக்காமல் விட்டுவிட்டு, வந்தபின் எளிதில் போகாத ஒன்றுக்கு மருந்து தேடி அலைகிறோம். ஊராகச் சேர்ந்து செய்த இந்தப் பிழையை ஊராகச் சேர்ந்துதான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காதுக்குள் நடப்பது

வெளியே எந்த ஒலியும் இல்லாதபோது காதுக்குள்ளோ தலைக்குள்ளோ ஒலி கேட்பதைக் காது இரைச்சல் என்கிறோம். சிலருக்கு வண்டு ரீங்கரிப்பது போல, சிலருக்குக் குக்கர் விசில் போல, சிலருக்கு ‘ஙொய்’ என்று விடாத ஒரே சுதி. பகல் வேலைச் சத்தத்தில் அது அமுங்கிக் கிடக்கும். இரவு விளக்கை அணைத்துப் படுத்ததும் எழுந்து நிற்கும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நரம்பியல் இதழில் 2022 இல் வெளியான ஆய்வு, உலகில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம் பேர், அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டவர்கள், இதை உணர்ந்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டது. அவர்களில் 12 கோடிக்கும் அதிகமானோருக்கு இது கடுமையான தொல்லை.

இது ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அறிகுறியின் பெயர். காதுக் குறும்பி அடைத்தாலும் வரும். நடுக்காதில் சீழ் பிடித்தாலும் வரும். வயதால் செவித்திறன் குறையும்போது வரும். தாடை மூட்டுக் கோளாறிலும், இரத்தக் குழாய்க் கோளாறிலும், அபூர்வமாகக் காது நரம்பில் வளரும் கட்டியாலும் வரும். ஆனால் நடுத்தர வயதிலேயே இது வந்து நிற்கும் பலரிடம் பின்னணியில் இருப்பது பலத்த சத்தம்.

நம் உட்காதில் நத்தை ஓடு வடிவில் இருக்கும் உறுப்புக்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழை செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது அவைதான். பலத்த சத்தத்தில் அவை களைத்துப்போகும். அதனால்தான் திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்தபின் காது அடைத்தது போல இருந்து, மறுநாள் தெளிகிறது. தெளிந்துவிட்டதே என்று நாம் நிம்மதி அடைகிறோம். விலங்குகளில் நடந்த ஆய்வுகள், அப்படித் தெளிந்த பிறகும் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாக அறுந்திருக்கக்கூடும் என்று காட்டியுள்ளன. சத்தம் தொடர்ந்தால் செல்களே சாகும். செய்தி குறைந்துபோன மூளை, இல்லாத ஒலியைத் தேடித் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டலில் பிறப்பதே இரைச்சல் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

காது குடையக் கோழி இறகைத் தேடுகிறோம். அந்தக் கோழிக்கு உட்காதின் மயிரிழை செல் செத்தால் மறுபடி முளைக்கும் என்று 1980களிலேயே கண்டறிந்துவிட்டார்கள். மனிதருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வளர்ந்த மனிதக் காதில் போன செல் போனதுதான்.

சத்தத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் காது தாங்கும். அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 88 இல் 4 மணி நேரம், 91 இல் 2 மணி நேரம், 94 இல் 1 மணி நேரம், 100 இல் 15 நிமிடம். அளக்கும் கருவி வேண்டும் என்பதில்லை. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அந்த இடம் 85 ஐத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். நம் ஊரில் அப்படிக் கத்திப் பேச வேண்டிய இடங்களை எண்ணிப் பார்த்தாலே நாம் செய்திருப்பது விளங்கும்.

ஊர் எழுப்பும் சத்தம்

செஞ்சிச் சீமை அமைதியான நாட்டுப்புறம் என்ற எண்ணம் நமக்கு இருக்கிறது. சென்னையைப் போலத் தொழிற்சாலை இல்லை, நெரிசல் இல்லை, காதுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டோம். ஆனால் கேபின் இல்லாத டிராக்டரின் இருக்கையில் 90 டெசிபெலைத் தாண்டுவது சர்வசாதாரணம். நெல் அறுக்கும் மிஷின், பவர் டில்லர், மல்லாட்டை உடைக்கும் மிஷின், ரைஸ்மில், போர் போடும் வண்டி, கல்குவாரியின் கம்ப்ரசர், ஜல்லி உடைக்கும் கிரஷர் என்று நம் பிழைப்பின் பெரும்பகுதி சத்தத்துக்குள் நடக்கிறது. கிராமத்துக் காது பத்திரமானது என்பது நாம் நமக்கே சொல்லிக்கொண்ட பொய்.

தொழிற்சாலைச் சட்டம் 1948 இன் அட்டவணையில், சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாக இடம்பெற்றது. அந்தப் பாதுகாப்பு தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. வயலில் மிஷின் ஓட்டுபவரை அது எட்டுவதில்லை. அவருக்கு முதலாளி நாம். அறுவடைக்கு மணிக்கணக்கில் வாடகை பேசுகிறோம், டீசல் பேசுகிறோம், சாப்பாடு கொடுக்கிறோம். அவர் காதில் அடைப்பான் இருக்கிறதா என்று எந்த நிலத்துக்காரரும் பார்த்ததில்லை. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பஞ்சுநுரை அடைப்பான் அது. துணி, பஞ்சு என்று எதையாவது திணித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். சாதாரணப் பஞ்சு சத்தத்தை ஏறக்குறைய அப்படியே உள்ளே விடும்.

அடுத்தது நம் விழாக்கள். திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்மண் என்று செஞ்சிப் பகுதியை ஆய்வாளர்கள் சொல்வார்கள். மேலச்சேரி கோயிலைத் தேடி அமெரிக்காவிலிருந்து ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் வந்தார். செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று துணைத் தலைப்பிலேயே நம் ஊரை வைத்து 1988 இல் பெரிய நூல் எழுதினார். அந்த வழிபாட்டின் உயிரான கூத்து ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், கட்டியங்காரன் குரல் ஆகியவற்றால் விடிய விடிய நடந்த கலை. அதன் சுவை மனிதத் தொண்டையிலிருந்தும் கையிலிருந்தும் வந்தது. இன்று அதே களத்தில் ஒலிபெருக்கிக் குழாயைப் புளிய மரத்தில் கட்டி ஊரைப் பார்த்துத் திருப்பி வைக்கிறோம். கூத்துப் பார்க்க வராத நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் கைக்குழந்தையும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். ஆடியில் கூழ் வார்க்கிறோம், மார்கழியில் பாட்டுப் போடுகிறோம், கல்யாணத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் காதுகுத்துக்கும் ஆளுயர பாக்ஸ் அடுக்குகிறோம். பக்தியின் அளவு சத்தத்தின் அளவு என்று எந்தச் சாமியும் நம்மிடம் சொல்லவில்லை. பக்கத்து ஊருக்கு எதிராக நாமே உண்டாக்கிக்கொண்ட போட்டி அது.

மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மாதந்தோறும் அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவம். லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. அந்த இரவுகளில் செஞ்சி வழியாகப் போகும் வண்டிகளின் ஹாரன் சாலையோர வீடுகளைத் தூங்க விடுவதில்லை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்தியரின் பாதுகாப்புக் கோட்டைகள் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நமக்குப் பெருமைதான். இனி வண்டிகள் கூடும், கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் சுற்றுலாக் கூட்டம் கூடும். அதற்குச் சாலை கேட்கிறோம், விடுதி கேட்கிறோம், கழிப்பறை கேட்கிறோம். சத்தத்துக்கு வரம்பு வேண்டும் என்று இதுவரை நாம் கோரிக்கை வைக்கவில்லை.

வீட்டுக்குள் இருக்கும் சத்தமும் நம் கணக்கில்தான் சேரும். பிள்ளை அழுதால் கையில் செல்போன், கொஞ்சம் வளர்ந்தால் காதில் இயர்போன். முழு ஒலியில் வைத்தால் அது 100 டெசிபெலைத் தொடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 100 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இந்த வகையில் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அந்த நிறுவனம் 2021 இல் எச்சரித்தது. படிப்பு கெடும் என்று செல்போனைப் பிடுங்கும் நாம், காது கெடும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சத்தம் தவிர்த்த சூழல் காரணங்களும் இருக்கின்றன. பெயின்ட், தின்னர், பசை ஆகியவற்றில் உள்ள டொலுவீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களும், பேட்டரி வேலையில் உள்ள ஈயமும் காதுக்குத் தீங்கானவை. சத்தமும் இவையும் சேர்ந்தால் கேடு இன்னும் கூடும். பூச்சிமருந்து அடிப்பவர்களின் செவித்திறன் குறைவதைப் பற்றியும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. முகத்தில் துணி கட்டாமல், கையுறை இல்லாமல், கைத்தெளிப்பானைத் தோளில் போட்டு அனுப்பிவிடுவது நம் பழக்கம். மருந்துகளும் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் உட்காதைத் தாக்கக்கூடியவை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை, மறுமுறை காசநோய்ச் சிகிச்சையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் போடப்பட்டது. உயிரைக் காத்த மருந்து அது. ஊசி போட்டுக்கொண்டவர் பிறகு காது மந்தமாகி நின்றபோது, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா என்று நாம் யோசிக்கவில்லை. காசநோய் வந்தவர் என்று விலகி நிற்பதிலேயே குறியாக இருந்தோம்.

சட்டம் கையில் இருந்தும்

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000 இல் ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் கூடவே கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. அதையும் தாண்டி விடியற்காலை வரை பாட்டுப் போட எந்த விதியும் இடம் தரவில்லை.

இந்த விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய தீர்ப்புகளில் ஒன்று நம் மாநிலத்து வழக்கில் வந்தது. சென்னையில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கியை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மற்றவர் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்து வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்றது நீதிமன்றம். 2005 ஜூலையில் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையிலான அமர்வு, சத்தமில்லாமல் வாழ்வது அரசியல் சாசனத்தின் 21 ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று விரிவாகவே எழுதியது. மோட்டார் வாகன விதிகள் 1989, பல சுதி எழுப்பும் ஹாரனையும் காதைத் துளைக்கும் ஹாரனையும் தடை செய்கின்றன. பட்டாசு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெலைத் தாண்டக் கூடாது. தீபாவளியன்று தமிழ்நாட்டில் 2018 முதல் காலையில் 1 மணி நேரம், மாலையில் 1 மணி நேரம் மட்டுமே அனுமதி.

இவற்றில் எதையாவது நாம் பயன்படுத்தினோமா? புகார் கொடுத்தால் சொந்தக்காரன் கோபித்துக்கொள்வான், சாமி காரியத்தைத் தடுத்தான் என்ற பெயர் வரும், வேறு மதத்தார் மீது புகார் என்றால் கலவரம் ஆகும் என்று வாய்மூடி இருந்தோம். நம் விழாவுக்கு அனுமதி வாங்கும்போது நேர வரம்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றிரவே அதை மீறினோம். தெரு ஓரத்தில் ஒரு முதியவர் வந்து, "கொஞ்சம் சத்தத்தக் கொறைங்க தம்பி" என்று கேட்டால், "வருஷத்துல ஒருநாள்தானே தாத்தா" என்று பதில் சொன்னோம். ஊரில் எத்தனை கோயில், எத்தனை தெரு, எத்தனை கட்சி, எத்தனை கல்யாணம்! ஆளுக்கு ஒருநாள் என்றாலே ஆண்டு நிறைந்துவிடும்.

எண்ணெயும் சாறும் மாத்திரையும்

இப்போது மருந்துக்கு வருவோம். பாட்டி வைத்தியத்தைப் பழிக்க வேண்டியதில்லை. சுசுருத சம்ஹிதை காது நோய்களை 28 என்று வகைப்படுத்தி, அவற்றில் காது இரைச்சலான கர்ணநாதத்தையும் சேர்த்திருக்கிறது. காதில் தைலம் நிரப்பும் கர்ணபூரணம் ஆயுர்வேதத்தில் முறையான சிகிச்சை. ஆனால் அந்த மரபில் வைத்தியர் முதலில் நோயாளியைப் பார்ப்பார், பிறகு முடிவு செய்வார். நாம் பார்ப்பதை விட்டுவிட்டு ஊற்றுவதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் எண்ணெயோ சாறோ பாலோ விட்டால் அது நேரே நடுக்காதுக்குப் போய்க் கிருமிக்கு இடமாகும். சீழ் வடியும் குழந்தையின் காதில் எண்ணெய் விட்டு, சீழ் கூடியதும் இன்னும் கொஞ்சம் விட்ட வீடுகள் நம்மிடையே உண்டு. சீழ் வடியும் காதைச் சரியாகக் கவனித்தால் காப்பாற்றலாம். பட்ஸும் ஹேர்பின்னும் தீக்குச்சியும் இறகும் குறும்பியை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளி அடைப்பதே அதிகம். காதில் மெழுகுக் குழலை வைத்துக் கொளுத்தும் முறை ஒன்றும் இப்போது வீடியோக்களில் வலம் வருகிறது. அது எந்த அழுக்கையும் உறிஞ்சுவதில்லை. தீக்காயம் வரும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது.

காது இரைச்சலுக்கு என்று விற்கும் மாத்திரைகளில் புகழ்பெற்றது கிங்கோ மரத்தின் இலைச் சாறு. அதன்மீது நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள், அதனால் பலன் இருப்பதாகக் காணவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பின் 2014 ஆம் ஆண்டு வழிகாட்டி, கிங்கோ, மெலடோனின், துத்தநாகம் முதலிய சத்து மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. அதே வழிகாட்டி ஆங்கில மருத்துவத்தையும் விட்டுவைக்கவில்லை. மனச்சோர்வு மாத்திரை, வலிப்பு மாத்திரை ஆகியவற்றையும் காது இரைச்சலுக்கென்று வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்றது. அக்குபங்சர் பற்றி எந்தப் பக்கமும் சொல்லப் போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டது. பிராமரி மூச்சுப் பயிற்சியும் தியானமும் பதற்றத்தைக் குறைக்கும். பதற்றம் குறைந்தால் இரைச்சலின் தொல்லை குறையும். அந்த அளவில் அவை நல்லவை. இரைச்சலையே போக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நாட்டு மருந்தால் நேரும் பெரிய நட்டம் காலம்தான். ஒரே இரவில் ஒரு காது அடைத்து, கேட்பது குறைந்து, இரைச்சலும் கூடவே வருவது உண்டு. திடீர் செவிட்டுத்தன்மை என்ற அவசர நிலை அது. ஸ்டீராய்டு மருந்தைச் சில நாட்களுக்குள், பொதுவாக 2 வாரங்களுக்குள் தொடங்கினால்தான் செவி திரும்ப வாய்ப்பு அதிகம். நாம் அதைச் சளி என்கிறோம், காற்று புகுந்தது என்கிறோம், எண்ணெய் விட்டு ஒரு மாதம் பார்க்கிறோம். அந்த ஒரு மாதத்தில் மீட்டிருக்கக்கூடிய காதை இழக்கிறோம்.

நாம் கேட்காமல் விட்டவர்கள்

இந்த ஊரில் காது இரைச்சலோடு வாழ்பவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால் வெட்கம் வருகிறது. சாவு வீட்டில் பறை அடிப்பவர். கோயிலில் பம்பை, தவில் அடிப்பவர். சவுண்டு சர்வீஸில் பாக்ஸுக்குப் பின்னாலேயே படுத்துத் தூங்கும் பையன். கிரஷரில் கல் சுமக்கும் பெண். இன்ஜின் பெட்டி பக்கத்தில் வாழ்நாளைக் கழித்த பஸ் டிரைவர். அவர்கள் எழுப்பிய ஒலியில் நாம் கொண்டாடினோம், சம்பாதித்தோம், அழுதோம். அவர்கள் காது யாருடைய கவலையாகவும் இருந்ததில்லை. பறை அடிப்பவரைச் சாதியால் தள்ளி வைத்த ஊர், அவர் உடம்புக்கு நேர்வதையும் தள்ளியே வைத்தது. பறையையும் தவிலையும் நிறுத்தச் சொல்லவில்லை. அவை நம் கலை. அடிப்பவருக்குக் காதடைப்பானும் இடையில் ஓய்வும் ஆண்டுக்கு ஒருமுறை செவிப் பரிசோதனையும் கொடுப்பது அந்தக் கலைக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

காது மந்தமானவரை ‘செவுடு’ என்று கூப்பிட்டோம். இரண்டாம் முறை கேட்டால் எரிந்து விழுந்தோம். அவர் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, திண்ணையில் தனியே உட்காரத் தொடங்கியபோது, வயசாகிவிட்டது என்றோம். இரைச்சல் என்று சொன்னவரிடம், "எங்களுக்குக் கேக்கலியே" என்றோம். தூக்கம் போய், பதற்றம் கூடி, மனச்சோர்வில் விழும் வரை அது நோயாக நம் கண்ணில் படவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இல் உள்ள 21 குறைபாடுகளில் செவிக் குறைபாடு இருக்கிறது, காது இரைச்சல் இல்லை. சான்றிதழ் இல்லாத துன்பத்துக்கு வீட்டாரின் நம்பிக்கை ஒன்றுதான் துணை. அதையும் நாம் கொடுக்கவில்லை.

அவர்களுக்கு வழி இல்லை என்பதும் உண்மையில்லை. முதலில் காதைப் பார்த்து, செவித்திறனை அளக்க வேண்டும். குறும்பி, சீழ், இரத்த அழுத்தம் போன்ற காரணம் இருந்தால் அதைச் சரிசெய்யலாம். செவித்திறன் குறைந்திருந்தால் காதொலிக் கருவி பலருக்கு இரைச்சலையும் தணிக்கிறது. இரவில் முழு அமைதியைத் தவிர்த்து, மின்விசிறி போன்ற மெல்லிய ஒலியைப் பின்னணியில் வைத்துக்கொள்ளலாம். எண்ணப் போக்கையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சை, இரைச்சலை நிறுத்தாவிட்டாலும் அதன் பாரத்தைக் குறைக்கிறது என்று 28 ஆய்வுகளைத் தொகுத்த 2020 ஆம் ஆண்டுக் காக்ரேன் அறிக்கை காட்டியது. செஞ்சி அரசு மருத்துவமனையில் தொடங்கி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் வரை போக நமக்கு வழி இருக்கிறது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், இதயத் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், தலைசுற்றல், திடீரெனக் கேட்காமல் போவது, சீழ் அல்லது இரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் எண்ணெயைத் தொடாமல் அன்றே கிளம்ப வேண்டும்.

இனி

ஒப்புக்கொள்வதோடு நின்றுவிட்டால் இது வெறும் புலம்பல். அனந்தபுரத்தில் நாமே தொடங்கக்கூடியவை இருக்கின்றன. விழாக் குழுக்கள் கூடி, கூம்புக் குழாய் கட்டுவதில்லை, இரவு 10 மணிக்கு பாக்ஸை நிறுத்துவோம் என்று பொதுவில் முடிவெடுக்கலாம். எல்லாக் கோயிலும், தேவாலயமும், மசூதியும் சேர்ந்து எடுத்தால் யார் மீதும் புகார் என்ற பேச்சே எழாது. பள்ளியையும் மருத்துவமனையையும் சுற்றி அமைதி மண்டலப் பலகை வைக்கவும், ஏர்ஹாரன் வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் பேரூராட்சி மன்றம் தீர்மானம் போட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பலாம். மிஷின் வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொருவரும் கூலியோடு ஒரு ஜோடி காதடைப்பானையும் கொடுக்கலாம். பள்ளியில் கடைசி வரிசைப் பிள்ளை கவனிக்கவில்லை என்று அடிப்பதற்கு முன், அதற்குக் காது கேட்கிறதா என்று ஆசிரியர்கள் பார்க்கலாம். செவித்திறன் இழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2006-07 முதல் நடைமுறையில் இருக்கிறது. மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள். அன்று நம் ஊரில் ஒரு பரிசோதனை முகாம் நடத்தும்படி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

செத்த செல்லை உயிர்ப்பிக்கும் எண்ணெயோ மாத்திரையோ ஊசியோ இன்றுவரை எந்த மருத்துவத்திடமும் இல்லை. வருமுன் தடுப்பதுதான் நம் கையில் இருக்கும் மருந்து, அதற்குச் செலவும் அதிகம் இல்லை. வருகிற ஆடியில் உங்கள் தெருவில் கூழ் வார்க்கும்போது மைக்செட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர் நீங்களாக இருக்கலாம். கொடுப்பதற்கு முன், அந்தத் தெருவில் யாருக்கெல்லாம் காது இரைகிறது என்று வீடு வீடாகக் கேளுங்கள். கேட்ட பிறகு, சத்தத்தின் அளவை அவர்களை வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.